வீட்டுக் கரிக்கணக்கு: எங்கே தொடங்குவது, எதை முதலில் செய்வது?

"வீட்டில் கார்பனைக் குறைக்கணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்று யார் கேட்டாலும் முதலில் ஈபி கார்டை எடுத்து வரச் சொல்வேன். மரக்கன்றும் மஞ்சப்பையும் அப்புறம். மஞ்சப்பை நல்ல பழக்கம். 2019 ஜனவரியில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததிலிருந்து எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நாலு பை எப்போதும் தொங்கும். ஆனால் அது சாக்கடை அடைக்காமல் இருக்க, மாடு தின்னாமல் இருக்க. கரிக்கணக்கு, அதாவது நம் வீட்டால் எவ்வளவு கரியமில வாயு காற்றில் கலந்து பூமியைச் சூடாக்குகிறது என்ற கணக்கு, வேறு. அதில் கனமான இடங்கள் நாலைந்துதான். சிறுதுளி பெருவெள்ளம் என்று துளிகளையே எண்ணிக்கொண்டிருந்தால் தொட்டியின் ஓட்டை கண்ணில் படாது.

இதை முதல்முறையாகச் செய்யப்போகிறவர்களுக்காக, எங்கள் வீட்டில் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். தாம்பரம் பக்கம், நாலு பேர், மொட்டை மாடியோடு கூடிய சின்ன வீடு. உங்கள் வீட்டுக்கு வரிசை மாறலாம். அதற்குத்தான் முதல் படி.

படி 1: நாலு எண்கள்

ஒரு நோட்டில் கடைசி இரண்டு மாதக் கணக்கை எழுதுங்கள். ஈபி ரீடிங்கில் வந்த யூனிட் எத்தனை? எத்தனை சிலிண்டர் தீர்ந்தது? வண்டிக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல் போட்டீர்கள்? நாலாவதாக, ஒரு வாரம் மட்டும் ஈரக்குப்பையைத் தினமும் எடை போட்டு எழுதுங்கள். லக்கேஜ் தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு போதும்.

இனிப் பெருக்கல். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது; ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, டீசல் 2.7 கிலோ. சமையல் கேஸ் ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 3 கிலோ, 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 42 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் முதல்முறை கணக்குப் போட்டபோது வந்தது இது: மின்சாரம் 460 யூனிட், 322 கிலோ. சிலிண்டர் 2, 84 கிலோ. பெட்ரோல் 24 லிட்டர், 55 கிலோ. மொத்தம் 461 கிலோவில் பத்தில் ஏழு பங்கு மின்சாரம். அதுவரை நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது ஸ்கூட்டரைப் பற்றி! தினமும் நாற்பது கிலோமீட்டர் காரில் போய்வரும் வீட்டில் கணக்கு தலைகீழாக வரும். அப்படி வந்தால் கடைசிப் படியை முதலில் படியுங்கள்.

படி 2: ராத்திரி மீட்டர் சோதனை

காசே செலவில்லை, அரை மணி நேரம் போதும். எல்லோரும் படுக்கப் போகும் முன் லைட், ஃபேன், ஏசி எல்லாவற்றையும் அணையுங்கள். ஃப்ரிட்ஜையும் பத்து நிமிடம் அணைத்துவிடுங்கள். மற்றதை வழக்கமாக எப்படி விடுவீர்களோ அப்படியே விடுங்கள்: டிவி ரிமோட்டில் மட்டும் அணைந்திருக்கட்டும், செட்டாப் பாக்ஸ், வைஃபை, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் அதது இடத்திலேயே இருக்கட்டும்.

இப்போது டார்ச்சோடு மீட்டர் பெட்டிக்குப் போங்கள். மின்னணு மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்தில் 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட் ஓடினால் விளக்கு அத்தனை முறை மினுக்கும் என்று அர்த்தம். ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் எத்தனை வினாடி என்று கைப்பேசியில் பாருங்கள்.

எங்களுக்கு 25 வினாடி வந்தது. மணிக்கு 144 மினுக்கல். 3200-ஆல் வகுத்தால் 0.045 யூனிட். கேட்க ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும். 24 மணி நேரம், 60 நாள் என்று பெருக்கினால் 65 யூனிட்! இரண்டு மாதத்துக்கு அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு, யாருக்கும் உபயோகமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கி மறுபடி வினாடி எண்ணினோம். அதிகம் இழுத்தது பழைய இன்வெர்ட்டர், அடுத்தது செட்டாப் பாக்ஸ். செட்டாப் பாக்ஸையும் டிவியையும் ஸ்விட்ச் வைத்த ஒரே ஸ்பைக் பஸ்டரில் மாட்டினால் படுக்கும் முன் ஒரு தட்டு போதும். இன்வெர்ட்டர் பேட்டரி நாலைந்து வருடம் ஆகியிருந்தால் சார்ஜை வாங்கிக்கொண்டே இருக்கும். பேட்டரிக்காரரை அழைத்துத் தண்ணீர் அளவையும் பேட்டரி நிலையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃப்ரிட்ஜை மறுபடி போட மறந்துவிடாதீர்கள். போடும் முன் ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது. கம்பெனி ஆள் சொல்கிற மாதிரி புது ஃப்ரிட்ஜ் வாங்க வேண்டியதில்லை, ரப்பரை மட்டும் மாற்றலாம்.

படி 3: ஃபேன்

நம் ஊரில் வருடத்தில் பத்து மாதம் ஓடுகிற சாதனம் ஃபேன். பழைய ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் வரை எடுக்கும். பிஎல்டிசி ஃபேன், அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வைத்த புதுவகை ஃபேன், 30 வாட் சுமாரில் அதே காற்றைத் தரும். தினம் 15 மணி நேரம் ஓடும் ஒரே ஒரு ஃபேனை மாற்றினால் வருடத்துக்கு ஏறக்குறைய 200 யூனிட்டுக்கு மேல் மிச்சம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். எது அதிக நேரம் ஓடுகிறதோ, பெரும்பாலும் ஹால் அல்லது பெரியவர்கள் படுக்கும் அறை, அதிலிருந்து தொடங்குங்கள். விருந்தினர் அறை ஃபேன் இன்னும் பத்து வருடம் அப்படியே இருக்கட்டும்.

படி 4: ஏசி, முக்கியமாக ஏசிக்குள் இருக்கும் கேஸ்

வெப்பநிலையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். 2020 ஜனவரியிலிருந்து விற்பனைக்கு வரும் அறை ஏசிகள் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 26-இல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் விடிகாலையில் போர்வை தேட வேண்டியிருக்காது. ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழாயடியில் கழுவுங்கள். இவ்வளவுதான்.

யாரும் பேசாத விஷயத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில வருடங்களுக்கு முன் வீடு மாறியபோது பழைய ஏசியைக் கழற்ற இரண்டு பையன்கள் வந்தார்கள். அவுட்டோர் பக்கம் ஸ்பேனரை வைத்து நட்டைத் தளர்த்தினார்கள். 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், செம்புக் குழாய் வாயில் வெள்ளைப் புகை, இரண்டு மூன்று நிமிடம். நட்டின் மேல் பனி படிந்தது. "கேஸ் போகுது சார், அங்கே போய்ப் புதுசா அடிச்சுக்கலாம்" என்றார்கள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். அது என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த ஏசியில் குளிர்விப்பதற்காகச் சுற்றிக்கொண்டிருந்த கேஸின் பெயர் ஆர்-22, சுமார் ஒரு கிலோ. ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால் கிட்டத்தட்ட 1,800 கிலோ கரியமில வாயு கலந்ததற்குச் சமம். எங்கள் வீட்டின் பதினோரு மாத மின்சாரம் செய்கிற சூட்டை அந்த மூன்று நிமிடம் செய்துவிட்டது. அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ ஓசோனுக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் சூட்டில் இன்னும் மோசம்: கரியமில வாயுவைப்போல் 2,000 மடங்குக்கு மேல். இப்போதைய ஏசிகளில் பெரும்பாலும் இருக்கும் ஆர்-32 சுமார் 675 மடங்கு. ஆர்-290 என்பது புரொப்பேன். அதன் பாதிப்பு இவற்றோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது:

அவுட்டோர் பெட்டியின் ஸ்டிக்கரைப் பார்த்து எந்த கேஸ், எத்தனை கிலோ என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏசியைக் கழற்றவோ இடம் மாற்றவோ ஆள் வந்தால், வேலை தொடங்கும் முன்பே "பம்ப் டவுன் பண்ணிட்டுக் கழற்றுங்க" என்று சொல்லுங்கள். ஏசியைக் கூலிங்கில் ஓடவிட்டு, முதலில் சின்னக் குழாயின் வால்வை ஆலன் கீயால் மூடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கேஸ் முழுவதும் அவுட்டோருக்குள் இழுத்துக்கொள்ளப்படும். பிறகு பெரிய குழாயின் வால்வை மூடி, உடனே ஏசியை அணைப்பார்கள். ஐந்து நிமிட வேலை. புது இடத்தில் கேஸ் அடிக்கும் செலவும் மிச்சம். நல்ல மெக்கானிக் நீங்கள் சொல்லாமலே செய்வார். செய்யத் தெரியாதவரைக் கழற்ற விடாதீர்கள்.

வருடா வருடம் சம்மரில் "கேஸ் டாப்-அப்" என்று ஒருவர் பணம் வாங்கினால் கவனியுங்கள். வண்டியில் பெட்ரோல் தீர்வதுபோல் ஏசியில் கேஸ் தீராது. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ ஓட்டை. சோப்பு நுரையைக் குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டுகளில் தடவி, குமிழி வருகிறதா என்று உங்கள் முன்னாலேயே பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டையை அடைத்த பிறகுதான் கேஸ். அடைக்காமல் அடிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

படி 5: மொட்டை மாடி

ஏசி தேவையையே குறைக்க வேண்டுமானால் மேலே ஏறுங்கள். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, ராத்திரியில் அறைக்குள் கக்குகிறது. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கூல் ரூஃப் பெயிண்ட் கடையில் கிடைக்கிறது, ஆனால் விலை கூட. நாங்கள் மார்ச் மாதம் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் அடிக்கிறோம்.

நீற்றிய சுண்ணாம்பாகவே வாங்குங்கள். நீற்றாததில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ராத்திரி ஊறவைத்து, காலையில் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து மோர்ப் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். மாடியை நன்றாகப் பெருக்கிக் கழுவி, வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். முதல் பூச்சு காய்ந்து மறுநாள் இரண்டாவது. கையுறை, கண்ணாடி கட்டாயம்; கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி டாக்டரிடம் போக வேண்டும். முதல் வருடம் அடித்தபோது, ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் காற்று அனலாக இறங்குவது நின்றதை அம்மாதான் முதலில் சொன்னார். அந்தக் கோடையில் ஏசி போடும் நேரமே பத்து மணியிலிருந்து பதினொன்றரைக்குத் தள்ளிப்போனது.

மாடியில் நிழல் விழாத 300 சதுர அடி இருந்தால் சோலாரை யோசிக்கலாம். ஒரு கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் சராசரியாகத் தினம் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் சுமார். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். போடும் முன் இரண்டு விஷயம். காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை எதன் நிழலாவது விழுகிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் நின்று பாருங்கள். பக்கத்துத் தென்னை ஒன்று போதும், உற்பத்தியைக் கெடுக்க. இன்னொன்று, பேட்டரி இல்லாமல் லைனோடு இணைக்கும் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இதை விற்பவர்கள் முதலிலேயே சொல்வதில்லை. பலர் பிறகு ஏமாந்ததாக நினைக்கிறார்கள்.

வாடகை வீடா? வீட்டுக்காரரிடம் கேட்டுச் சுண்ணாம்பாவது அடித்துவிடுங்கள். வேண்டாம் என்று சொன்னவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

படி 6: அடுப்படி

கேஸைக் குறைக்கும் வழிகள் எல்லாம் நம் பாட்டிமார் கைப்பழக்கம்தான். அரிசியை அரை மணி ஊறவைப்பது, கொண்டைக்கடலையை ராத்திரியே போடுவது, ஃப்ரிட்ஜ் பாலை முன்னாலேயே வெளியே எடுத்து வைப்பது. ஒரே குக்கரில் அடுக்குப் பாத்திரம் வைத்து சாதமும் பருப்பும் சேர்த்து வைக்கலாம். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வையுங்கள். விசில் என்பது வீணாகப் போகும் ஆவி. தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றி, ஓட்டைகளை ஊசியால் குத்தித் துடைத்துப் போடுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் கருத்து: சோலார் போட்ட வீட்டில், பகல் சமையலுக்கு, கட்டாயம் மாறுங்கள். லைன் கரண்டில் என்றால் இப்போதைக்கு கரி குறையாது, கூடும். அனல்மின் நிலையத்தில் நிலக்கரியின் சூட்டில் மூன்றில் இரண்டு பங்கு மின்சாரமாக மாறும் முன்பே போய்விடுகிறது. 0.7 கிலோ என்ற கணக்கை வைத்துப் பார்த்தால், இண்டக்‌ஷன் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும், அதே குழம்புக்கு கேஸைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கரியமில வாயு. காற்றாலையும் சோலாரும் கூடக்கூட இந்தக் கணக்கு மாறும். அதுவரை ஆசைப்பட்டு அவசரப்பட வேண்டாம்.

தட்டில் என்ன இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில் மண்ணுக்குக் காற்று கிடைக்காமல் மீத்தேன் உண்டாகிறது; அதுவும் பூமியைச் சூடேற்றும் வாயுதான். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டு, நீர் கட்டும் விவசாயிகளின் வயலில் அது வெகுவாகக் குறையும், ஆனால் கடையில் அரிசியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. வாரத்தில் இரண்டு வேளை சாமையோ வரகோ தினையோ சமைப்பது நம்மால் முடிந்தது. ஆடும் மாடும் அசைபோடும்போதும் மீத்தேன் வரும். மட்டன் எடுக்கும் வீட்டில் ஒரு ஞாயிறு மட்டன், மறு ஞாயிறு கோழி அல்லது மீன் என்று வைத்துக்கொண்டாலே வித்தியாசம் பெரிது.

படி 7: ஈர வாளி

நாலாவது எண் நினைவிருக்கிறதா? எங்களுக்குத் தினம் 900 கிராம் வந்தது. காய்கறித் தோல், டீத்தூள், மிச்சச் சோறு. இது குப்பைமேட்டில் அடியில் போய் அழுத்தப்பட்டு, காற்றில்லாமல் அழுகி மீத்தேன் ஆகிறது. இருபது வருடக் கணக்கில் மீத்தேன், கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு சூடேற்றும். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேடு பற்றியெரிந்து நாள் கணக்கில் புகைந்தது. அப்படிப்பட்ட மேடுகளில் தீ அவ்வளவு எளிதில் அடங்காததற்கு உள்ளே ஊறும் இந்த வாயுவும் ஒரு காரணம்.

இதைத் தடுக்க இரண்டு பழைய பெயிண்ட் பக்கெட் போதும். பக்கவாட்டிலும் அடியிலும் ஆணியைக் காய்ச்சிப் பத்துப் பதினைந்து ஓட்டை போடுங்கள். அடியில் தேங்காய் நார் ஒரு கை. தினமும் குப்பையைப் பொடியாக நறுக்கிப் போட்டு, அதே அளவு காய்ந்த இலையால் மூடுங்கள். இலைதான் உயிர்நாடி, தெருவில் வேப்பிலைச் சருகு பெருக்கும்போது ஒரு கோணிப்பை நிறைய வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை புளித்த மோர் ஒரு தம்ளர் தெளித்து, குச்சியால் கிளறிவிடுங்கள். முதல் பக்கெட் நிறைந்ததும் மூடி ஒதுக்கிவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள். ஒன்றரை, இரண்டு மாதத்தில் மழை பெய்த மண் வாசனையோடு கறுப்பாக உதிரும்.

நாற்றம் வந்தால் ஈரம் அதிகம்: சருகு போட்டுக் கிளறுங்கள். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது: தண்ணீர் தெளியுங்கள். வெள்ளைப் புழு நெளிந்தால் பயப்படாதீர்கள், அது குப்பையைத் தின்று உங்களுக்கு உதவ வந்திருக்கிறது. பார்க்கப் பிடிக்காவிட்டால் சருகை இன்னும் தடிமனாக மூடுங்கள். முதல் மாதம் எங்கள் வீட்டில் இதற்கு எதிர்ப்பு பலமாகத்தான் இருந்தது. அந்த உரத்தில் போட்ட கத்தரிச்செடி காய்த்ததும், தோலை நறுக்கிப் போடுவது எங்கள் மாமியாரின் வேலையாகிவிட்டது.

படி 8: வண்டி

வண்டியை விற்றுவிடுங்கள் என்று யாரிடமும் சொல்லமாட்டேன். டயர் காற்றைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் கடைக்கு நடந்தோ சைக்கிளிலோ போங்கள். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் டிக்கெட் இல்லாப் பயணம் இருக்கிறது. எங்கள் தெருவில் இதனாலேயே ஸ்கூட்டரை வீட்டில் விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பழைய ஸ்கூட்டருக்கு ஆயுள் முடிந்தால் அடுத்தது எலெக்ட்ரிக் வாங்குங்கள். பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் நூறு கிலோமீட்டருக்கு 5 கிலோ கரியமில வாயு. எலெக்ட்ரிக்குக்கு நூறு கிலோமீட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட் போதும்: நிலக்கரிக் கரண்டிலேயே இரண்டரை கிலோவுக்குள். அடுப்பில் தோற்ற மின்சாரம் இங்கே ஜெயிப்பதற்குக் காரணம், பெட்ரோல் இன்ஜின் தன் சூட்டில் பெரும்பகுதியைச் சைலென்சர் வழியே வெளியே விட்டுவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நல்ல வண்டியைத் தூக்கிப் போட்டு வாங்க வேண்டாம். புது வண்டி செய்வதற்கும் கரி உண்டு.

மறுபடி நோட்டு

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க ஆள் வரும் நாளில் அந்த நாலு எண்ணையும் எழுதிவிடுங்கள். ஏப்ரல்-மே கணக்கைப் போன வருட ஏப்ரல்-மே கணக்கோடுதான் ஒப்பிட வேண்டும். ஜனவரியோடு ஒப்பிட்டால் மார்கழிக் குளிரைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். ஒரே சமயத்தில் எட்டுப் படியும் ஏறாதீர்கள். மீட்டர் சோதனை இந்த வாரம், பக்கெட் அடுத்த வாரம், ஃபேன் போனஸ் வரும் மாதம், சுண்ணாம்பு மாசி முடிந்ததும்.